விற்பனைக்கு ஒரு வில்லா... கையெழுத்துக்கு ஆறு பேர்!

‘தென் இத்தாலி. மலைச்சரிவில் எழிலான வில்லா. ஜன்னலைத் திறந்தால் கடல். சுற்றிலும் ஆலிவ் தோப்பு. நட்சத்திர வளைவுக் கூரை. நீச்சல் குளம் உண்டு. உடனே குடியேறலாம்.’

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, மானேஜர் சீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, கம்ப்யூட்டரில் இப்படி ஒரு விளம்பரத்தை ஒருவன் படித்தால் அவன் மனசு என்ன பாடுபடும்! ஒண்டுக் குடித்தனம், மாடிப்படிக்கு அடியில் பைக், பதினோரு மணிக்கு மேல் மோட்டார் போடக் கூடாது என்கிற ஹவுஸ் ஓனர்... எல்லாம் ஒரு நிமிஷம் மறைந்து போகும். பெரிதாக ஒரு பெருமூச்சு வரும். பக்கத்து சீட்காரர், “என்னப்பா, உடம்பு சரியில்லையா?” என்று விசாரிப்பார்.

அதிலும், ‘இத்தாலியில் ஒரு யூரோவுக்கு வீடு!’ என்கிற செய்தியும் காதில் விழுந்திருந்தால் தீர்ந்தது. ஒரு யூரோ என்பது நல்ல ஓட்டலில் ரெண்டு ஃபில்டர் காபி. காபியைத் தியாகம் பண்ணினால் வீடு!

அந்த விளம்பரத்து வில்லா மாதிரியே ஒன்றை நான் நேரில் பார்த்தேன். வாங்குவதற்காக அல்ல. நான் கோயம்புத்தூர் பம்ப் செட் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறவன். என் சம்பளத்தில் அந்த வில்லாவின் வாசற்படியைக்கூட வாங்க முடியாது. 2023 செப்டம்பரில் கம்பெனி வேலையாக பாரி நகரத்துக்குப் போயிருந்தேன். வேலை வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. விமானம் ஞாயிற்றுக்கிழமைதான். எங்களிடம் பம்ப் வாங்கும் பார்ட்டியின் தம்பி, “நாளைக்கு ஒரு வில்லாவை அளக்கப் போறேன், சும்மா கூட வாங்களேன்” என்றார்.

அந்தத் தம்பி ஒரு ‘ஜியோமெத்ரா’. நம் ஊரில் இதற்குச் சரியான ஜோடி கிடையாது. சர்வேயர் பாதி, பில்டிங் மேஸ்திரிக்கு மேலே ஒரு பாதி, தாலுகா ஆபீஸ் விவரம் தெரிந்த ஆள் இன்னொரு பாதி! (கணக்கு ஒன்றரை வருகிறதே என்று கேட்காதீர்கள். அவரும் ஒன்றரை ஆள்தான்.) வீடு வாங்குகிற எந்த இத்தாலியனும் முதலில் தேடிப் போவது இவரைத்தான். ஒரு ஜெர்மன் தம்பதி ரிட்டயர் ஆன காசில் அந்த வில்லாவை வாங்க ஆசைப்பட்டு, ‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்று இவரிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

வெள்ளை ஊர், பச்சைச் சரிவு

இத்தாலியை பூட்ஸ் போட்ட கால் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பூட்ஸின் குதிகால் பக்கம்தான் பூலியா. பாரி அதன் தலைநகர். அங்கிருந்து தெற்கே போனால் ஓஸ்தூனி என்றொரு ஊர். குன்றின் மேல் மொத்த ஊரும் சுண்ணாம்பு வெள்ளை. ‘வெள்ளை நகரம்’ என்றே பேர். அதன் காலடியில் கடல் வரைக்கும் ஆலிவ் மரங்கள். ஆளுயரச் சுற்றளவு, முறுக்கிப் பிழிந்த வேட்டி மாதிரி அடிமரம். பல நூறு வயசான மரங்கள். இந்த மரங்களை இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது என்று 2007-ல் பூலியா மாநில அரசு தனிச் சட்டமே போட்டிருக்கிறது.

ஓஸ்தூனியிலிருந்து உள்நாட்டுப் பக்கம் ஏறினால் ‘வால்லே தித்ரியா’. பள்ளத்தாக்கு என்று பேர், ஆனால் மேட்டு நிலம்தான். தலையில் கூம்புத் தொப்பி வைத்த ‘த்ருல்லோ’ வீடுகள் இங்கேதான். சாந்து, சிமென்ட் எதுவும் இல்லாமல் கல்லின்மேல் கல்லை அடுக்கியே கட்டியவை. பக்கத்து அல்பெரோபெல்லோ ஊரின் த்ருல்லோ வீடுகளை 1996-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எதற்காகச் சாந்து இல்லாமல் கட்டினார்கள்? நண்பர் ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்துப் பிரபு, ராஜாவுக்கு வரி கட்டாமல் தப்பிக்க, குடியானவர்களைச் சாந்து பூசாமல் கட்டச் சொன்னாராம். ராஜாவின் ஆள் சோதனைக்கு வருகிறான் என்று தெரிந்தால் கூரையைக் கலைத்துவிட்டு, ‘இங்கே வீடே இல்லையே!’ என்று சொல்லிவிடலாம்.

“வரி ஏய்ப்புக்காகவே ஒரு கட்டடக் கலையா!” என்றேன்.

“யுனெஸ்கோ சர்டிபிகேட்டோட!” என்றார் நண்பர்.

நட்சத்திரக் கூரையின் கீழே

வில்லா, ஓஸ்தூனிக்கும் சிஸ்தெர்னீனோ ஊருக்கும் நடுவே ஒரு சரிவில் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது... விளம்பரத்தில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இரும்பு கேட்டிலிருந்து வீடு வரை இருபுறமும் கல் சுவர். உள்ளே நுழைந்தால் வெளியே கொளுத்துகிற வெயில் அப்படியே காணாமல் போகிறது. சுவர் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கனம். அண்ணாந்து பார்த்தால் நாலு மூலையிலிருந்தும் கல் வளைவுகள் கிளம்பி, நடுவில் நட்சத்திரமாகச் சேர்கின்றன. ஒரு கம்பி இல்லை, ஒரு உத்தரம் இல்லை. தரையில் பூப்போட்ட சிமென்ட் ஓடுகள். நம் ஆத்தங்குடி ஓட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மாடி ஜன்னலைத் திறந்தால் ஆலிவ் தோப்பு, அதற்கப்பால் நீலக் கோடாக ஆத்ரியாட்டிக் கடல்.

கோடைக் காலத்தில் டவுனை விட்டு வந்து தங்க, நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் வசதியான குடும்பம் ஒன்று கட்டியதாம். பணம் எங்கிருந்து வந்தது? எண்ணெயிலிருந்துதான். சமையல் எண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் பூலியாவின் ஆலிவ் எண்ணெய் விளக்கெரிக்கத்தான் அதிகம் போனது. கல்லிப்போலி என்ற துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போய் லண்டன் வரை விளக்கு எரிந்திருக்கிறது. மண்ணெண்ணெயும் காஸும் வந்ததும் அந்த வியாபாரம் அணைந்தது.

கேட்ட விலை நாலரை லட்சம் யூரோ. ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று சுலபமாக வைத்துக்கொண்டால் நாலரைக் கோடி. “சென்னையில் இந்தக் காசுக்கு ஃப்ளாட்தான் கிடைக்கும், தோப்பு கிடைக்காது” என்று என் மனசு பேரமே பேச ஆரம்பித்துவிட்டது. நண்பர் மட்டும் அழகை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. கையில் நகராட்சி வரைபடம், லேசர் அளவுகோல். ‘டிக்... டிக்...’ என்று அளந்துகொண்டே போனவர் பின்பக்கம் வந்ததும் நின்றார்.

“நீச்சல் குளம் எங்கே?” என்றார்.

“இதோ இருக்கே!” என்றார் தரகர்.

“தரையில இருக்கு. பேப்பர்ல எங்கே?”

தரகர் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்.

குளத்துக்கு மன்னிப்பு உண்டா?

இத்தாலியில் அனுமதி இல்லாமல் கட்டுவது ஒரு தேசிய வழக்கம். 1985, 1994, 2003 என்று மூன்று தடவை அரசாங்கமே, ‘கட்டினது கட்டிட்டே, அபராதத்தைக் கட்டிட்டு மன்னிப்பு வாங்கிக்கோ’ என்று பொது மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2024-ல் சின்னச் சின்ன வித்தியாசங்களைச் சரிக்கட்டிக்கொள்ள ஓர் அவசரச் சட்டம் வந்தது. அதன் செல்லப் பெயரே ‘வீட்டைக் காப்பாத்து’!

ஆனால், 2010 முதல் ஒரு கண்டிப்பு. வரைபடமும் வீடும் ஒத்துப்போகின்றன என்ற உறுதி பத்திரத்தில் இல்லாவிட்டால் பத்திரமே செல்லாது. 1967 செப்டம்பர் 1-க்கு முன்னால் கட்டிய வீடு என்றால் கொஞ்சம் சலுகை, அதைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம். வில்லா அதற்கு முந்தியது. குளம் பிந்தியது. ஆக, வீட்டுக்குப் பிரச்னை இல்லை. குளத்துக்குத்தான் ஜாதகமே இல்லை.

எனக்கு இன்னொரு சந்தேகம். தொழில் புத்தி, விடுமா?

“குளத்துக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது?”

தரகர் முகம் மலர்ந்தது. “லாரியில!”

எனக்கு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பூலியாவில் பெரிய ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறை நிலம். பெய்கிற மழையைச் சல்லடை மாதிரி உள்ளே விட்டுவிடும். அதனால்தான் மலைத்தொடரைக் குடைந்து, மேற்குப் பக்கம் பாய வேண்டிய சேலே ஆற்றின் ஊற்றை இந்தப் பக்கம் திருப்பினார்கள். 1906-ல் வேலை ஆரம்பித்து, 1915-ல் பாரிக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. அது வரைக்கும் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டிதான். இந்த வில்லாவிலும் மொட்டை மாடியே ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. விழுகிற மழை ஒரு சொட்டு வீணாகாமல் குழாய் வழியே பூமிக்கடியில் இருக்கும் தொட்டிக்குப் போகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கல்லில் குடைந்த தொட்டி, ஒரு விரிசல் இல்லை. நூறு வருஷமாக வேலை செய்கிறது. கரன்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம், சர்வீஸ் வேண்டாம். பம்ப் விற்கிறவனுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது!

‘போர் போட்டால் என்ன?’ என்று கேட்பீர்கள். அதற்கு அனுமதி வேண்டும். அதோடு, இந்தக் கடலோர வட்டாரத்தில் கண்டபடி உறிஞ்சினால் நிலத்தடியில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிவிடுகிறது.

‘வில்லா’ என்றால் வரி

மதியம் சிஸ்தெர்னீனோவில் சாப்பாடு. நான் ஆர்டர் பண்ணிய ‘ஒரேக்கியெத்தே’, காது மாதிரி குழித்த பாஸ்தா, வருவதற்குள் நண்பர் பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டார். வீடு வாங்கும் ஆசை உள்ள எவரும் இதை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

இத்தாலியின் நிலப் பதிவேட்டுக்கு ‘கதாஸ்தோ’ என்று பேர். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. ‘ஏ-7’ என்றால் சின்ன வில்லா. ‘ஏ-8’ என்றால் அசல் வில்லா, அதாவது ஆடம்பரம். ‘ஏ-9’ என்றால் அரண்மனை, கோட்டை. நிரந்தரமாகக் குடியேறி முதல் வீடாக வாங்குகிறவருக்குப் பதிவு வரி 2 சதவிகிதம். மற்றவர்களுக்கு 9 சதவிகிதம். ஆனால், ஏ-8 என்றால் முதல் வீடாக இருந்தாலும் சலுகை கிடையாது. வருஷா வருஷம் நகராட்சிக்குக் கட்டுகிற ‘இமு’ வரியிலும் அதே கதை. குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு உண்டு, ஏ-8-க்கு இல்லை. விளம்பரத்தில் ‘வில்லா’ என்று பெருமையாகப் போடுகிறவர்கள், பதிவேட்டில் மட்டும் ‘சின்ன வில்லாதாங்க’ என்று அடக்கத்தோடு இருப்பதன் ரகசியம் இதுதான்.

ஒரு நல்ல விஷயம்: தனி ஆளிடமிருந்து தனி ஆள் வீடு வாங்கினால், இந்த 9 சதவிகிதத்தை விலைக்கு இல்லாமல் பதிவேட்டு மதிப்புக்குக் கட்டினால் போதும். அது பெரும்பாலும் விலையைவிடக் குறைவு. பதிவேட்டு மதிப்பு ஒன்றரை லட்சம் யூரோ என்றால் வரி 13,500. தோப்பு தனிக் கணக்கு. விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் 15 சதவிகிதம்.

தரகு? வாங்குகிறவரும் தர வேண்டும், விற்கிறவரும் தர வேண்டும். சாதாரணமாக ஆளுக்கு 3 சதவிகிதம் பக்கம். நாலரை லட்சத்துக்கு 13,500. அதன்மேல் 22 சதவிகித வரி 2,970. தரகர் ஏன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று இப்போது புரிந்திருக்குமே!

முன்பண ஒப்பந்தத்துக்கு ‘கொம்ப்ரொமெஸ்ஸோ’ என்று பேர். அட்வான்ஸ் கொடுத்தபின் நீங்கள் பின்வாங்கினால் அட்வான்ஸ் போச்சு. அவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். கடைசியில் ‘நொத்தாயோ’ முன்னால் பத்திரம். இவர் நம் ஊர் நோட்டரி மாதிரி கோர்ட் வாசலில் ஸ்டாம்ப் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அல்ல. அரசாங்கத்தின் கையும் காதும். வில்லங்கம் பார்ப்பது, வரி வசூலித்துக் கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. பத்திரம் முழுவதையும் உரக்கப் படிப்பார். உங்களுக்கு இத்தாலியன் தெரியாது என்றால், உங்களுக்குப் புரிகிற பாஷையிலும் இருந்தாக வேண்டும்.

“சரி, எல்லாம் கட்டியாச்சு. முடிஞ்சுதா?” என்றேன்.

“இல்ல. பக்கத்துத் தோட்டக்காரர் இருக்காரே!”

பக்கத்துத் தோட்டக்காரர்

இந்த ஒரு சட்டத்தைக் கேட்டபோதுதான் நான் சாப்பிடுவதையே நிறுத்தினேன். விவசாய நிலம் விற்பனைக்கு வந்தால், வேலியை ஒட்டிச் சொந்தமாக உழுது பயிரிடும் விவசாயிக்கு முதல் உரிமை. 1965, 1971 ஆண்டுகளின் சட்டங்கள். ஒப்பந்தத்தின் நகலை அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். 30 நாளுக்குள் அதே விலைக்கு ‘நானே எடுத்துக்கறேன்’ என்று அவர் சொல்லலாம். அவரிடம் சொல்லாமல் விற்றுவிட்டால், விற்பனை பதிவாகி ஒரு வருஷத்துக்குள் வந்து அதே விலையைக் கொடுத்து நிலத்தை மீட்டுக்கொள்ளலாம்.

பெரிய பண்ணைகளின் கீழே கூலிக்கு உழைத்தே தலைமுறைகள் கழிந்த நாடு அது. 1950-ல்தான் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ‘உழுகிறவன் கைக்கு நிலம் போகட்டும்’ என்ற அந்த ஆசையின் தொடர்ச்சிதான் இந்த முதல் உரிமை. ஜெர்மானியர் எத்தனை லட்சம் யூரோவோடு வந்தாலும், மண்வெட்டியோடு நிற்கிறவரை முதலில் கேட்டாக வேண்டும்.

பக்கத்துத் தோட்டக்காரர் அப்போது உண்மையிலேயே மண்வெட்டியோடுதான் நின்றுகொண்டிருந்தார். அவர் கவலை வேறு. 2013-ல் அந்த மாநிலத்தின் தெற்கே, அதே கல்லிப்போலி பக்கம், ‘சைலெல்லா’ என்ற பாக்டீரியா ஆலிவ் மரங்களில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எச்சில் நுரை விடுகிற ஒரு சின்னப் பூச்சி மரத்துக்கு மரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மரத்தின் தண்ணீர்க் குழாய்கள் அடைத்துக்கொண்டு, நின்ற நிலையிலேயே காய்ந்துவிடும். மருந்து கிடையாது. லட்சக்கணக்கான மரங்கள் போயின. நோய் வருஷா வருஷம் வடக்கே நகர்ந்து ஓஸ்தூனி வட்டாரத்தையும் தொட்டுவிட்டது. நோயைத் தாங்குகிற லெச்சீனோ போன்ற ரகங்களை நட்டுப் பிழைக்கப் பார்க்கிறார்கள். “பாட்டன் நட்ட மரத்துல எண்ணெய் எடுத்தோம். இப்ப நான் நடறது பேரனுக்கு. பேரன் வருவானான்னுதான் தெரியல” என்றார் அவர். மகன் இருப்பது தோரினோவில்.

வீடு ஒன்று, வாரிசு ஆறு

வீட்டைத் திறந்து காட்ட ஒரு பெரியவர் வந்திருந்தார். எழுபத்தைந்து வயசு இருக்கும். சாவிக்கொத்து கையில். அவர்தான் உரிமையாளர் என்று நினைத்தேன். “நான் ஆறில் ஒருத்தன்” என்றார்.

இத்தாலியச் சட்டப்படி பெற்ற பிள்ளையை ‘உனக்கு ஒன்றும் கிடையாது போ’ என்று சொத்திலிருந்து ஒரேயடியாக ஒதுக்க முடியாது. ஆளுக்கு ஒரு பங்கு உறுதி. இரண்டு தலைமுறை போனால் ஒரு வீட்டுக்கு ஆறு சொந்தக்காரர். முழு வீட்டையும் விற்க ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இவர் ஓஸ்தூனியில். தங்கை தோரினோவில். காலமான தமக்கையின் பெண் பெல்ஜியத்தில். அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர் கனடாவில். சித்தப்பா வழியில் ஒரு பையன் ஆர்ஜென்டினாவில்.

இது ஏதோ ஒரு குடும்பத்தின் அதிசயம் இல்லை. 1876 முதல் 1915 வரை மட்டும் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் இத்தாலியை விட்டுக் கப்பலேறினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மறுபடி ஒரு அலை. 1946-ல் பெல்ஜியத்தோடு ஓர் ஒப்பந்தம்: இங்கிருந்து ஆள், அங்கிருந்து நிலக்கரி. 1956 ஆகஸ்ட் 8-ல் பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் மாண்டார்கள். அதில் 136 பேர் இத்தாலியர்கள். அப்புறம் தோரினோவின் கார் தொழிற்சாலைகள், மிலானோ, ஜெர்மனி. தெற்கே பெட்டி கட்டாத வீடு அபூர்வம்.

அந்த ‘ஒரு யூரோ வீடு’ மர்மமும் இங்கேதான் அவிழ்கிறது. ஊர் காலியானால் வீடு யாருக்கு? சிசிலியின் சலேமி ஊர் 1968 பூகம்பத்தில் நொறுங்கியது. ‘ஒரு யூரோவுக்குத் தருகிறோம், வந்து கட்டிக்கொள்ளுங்கள்’ என்று அதன் மேயர் 2008-ல் அறிவித்தார். 2019-ல் அதே தீவின் சம்பூகா ஊர், ஒரு யூரோவில் ஏலத்தை ஆரம்பித்து உலகப் புகழ் பெற்றது. ஏலம் முடிந்தபோது விலை ஆயிரங்களில் நின்றது. ‘மூன்று வருஷத்துக்குள் புதுப்பிக்கணும், 5,000 யூரோ டெபாசிட் கட்டணும், செய்யாவிட்டால் டெபாசிட் போச்சு’ என்பது கண்டிஷன். கூரை போட, குழாய் போட, பூகம்பம் தாங்கச் சுவரைக் கட்ட ஆகிற செலவு தனி. ஒரு யூரோ என்பது வீட்டின் விலை இல்லை. ‘யாராவது வந்து சாயங்காலம் விளக்கேற்ற மாட்டீங்களா?’ என்று அந்த ஊர் கேட்கிற கேள்வி.

ஆர்ஜென்டினாப் பையன்

ஊர் திரும்பியபின் நண்பரிடம் போனில் பேசும்போதெல்லாம் அந்த வில்லா என்ன ஆச்சு என்று கேட்பேன். டி.வி. சீரியல் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

நவம்பரில் முன்பண ஒப்பந்தம். தோப்புக்குத் தனி விலை போட்டுப் பக்கத்துத் தோட்டக்காரருக்குப் பதிவுத் தபால் போனது. இருபத்தெட்டு நாள் பேச்சு மூச்சு இல்லை. இருபத்தொன்பதாவது நாள் பதில் வந்தது: ‘தோப்பு எனக்கு!’ மகன் தோரினோவிலிருந்து பணம் அனுப்பியிருந்தான். ஜெர்மன் அம்மாளுக்குக் கொஞ்சம் வருத்தம். ஐயாவுக்குச் சந்தோஷம். ‘மரத்தைப் பார்க்கத்தானே ஆசை, வெட்டவா போறோம்? பார்த்துக்கறது அவர் பாடு’ என்றாராம். பேப்பரில் இல்லாத குளத்தை விற்கிறவர்கள் செலவிலேயே மூடிவிட முடிவானது.

தோரினோ, பெல்ஜியம், கனடா எல்லாரும் சம்மதித்தார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அங்கே உள்ள இத்தாலியத் தூதரகத்திலேயே பவர் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆர்ஜென்டினாப் பையன் மட்டும் மாட்டேன் என்றான்.

“பங்கு ஜாஸ்தி கேக்கறானா?” என்றேன்.

“அதைக் கேட்டாத்தான் தேவலையே! ‘நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்ல. பார்க்காம விக்க மாட்டேன்’ங்கறான்.”

அவனுடைய தாத்தா, கல்யாணமாகாத வயசில், ‘ரெண்டு வருஷத்துல வந்துடறேன்’ என்று சொல்லிக் கப்பலேறியவர். வரவில்லை. மகனும் வரவில்லை. பேரனுக்கு இத்தாலியன் பாஷைகூடச் சரியாக வராது.

ஏப்ரல் மாசம் வந்தானாம். இருபத்தாறு வயசு, பியூனஸ் ஏர்ஸில் ஏதோ ஆபீஸில் குமாஸ்தா. டிக்கெட்டுக்குக் கடன் வாங்கியிருந்தான். மூன்று நாள் அந்தக் காலி வீட்டில் பாயைப் போட்டுப் படுத்தான். பெரியவர் தினம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாம் நாள் ஒரு சின்னப் பாட்டிலில் மழைத் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு, நொத்தாயோ ஆபீசுக்குப் போய் பவரில் கையெழுத்துப் போட்டுவிட்டான். விமானத்தில் தண்ணீரை விட மாட்டார்களே என்று நண்பர் சொன்னதற்கு, பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பிவிட்டானாம்.

2024 மே மாசம் பத்திரம் முடிந்தது.

நமக்கு உண்டா?

‘கதையெல்லாம் சரி ஸார், நாம வாங்கலாமா?’ என்று கேட்கும் வாசகருக்கு மூன்று விஷயம். ஒன்று: ரிசர்வ் வங்கி விதிப்படி இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதில் வீடும் வாங்கலாம். இரண்டு: இத்தாலியில் வசிக்காத வெளிநாட்டாருக்கு ‘உன் நாட்டில் எங்கள் ஆள் வாங்க முடியுமா?’ என்ற பரஸ்பர விதி உண்டு. நம் நாட்டிலோ வெளிநாட்டாருக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. அதனால் ஒரு பைசா அட்வான்ஸ் கொடுக்குமுன் நொத்தாயோவிடம் இதை எழுத்தில் கேளுங்கள். மூன்று: வீடு வாங்கினால் விசா கிடைக்காது. சொந்த வில்லா இருந்தாலும் டூரிஸ்ட்டாகப் போனால் 180 நாளில் 90 நாள்தான். மீதி நாள், வீடு உங்களுக்காகக் காத்திருக்கும். இமு வரியும்தான்.

எந்த ஊர் வீடானாலும் சரி, விளம்பரத்தைப் பார்த்ததும் ‘ஜன்னலில் என்ன தெரியும்?’ என்று கேட்காதீர்கள். அதைத்தான் போட்டோவிலேயே போட்டிருக்கிறார்களே. தண்ணி எங்கேர்ந்து வருது, பக்கத்துத் தோட்டக்காரர் யாரு, கையெழுத்துப் போட எத்தனை பேர்... இந்த மூன்றைக் கேளுங்கள். கிராமத்தில் பூட்டிக் கிடக்கிற பங்காளி வீடு ஒன்று உங்களுக்கும் இருந்தால், விற்பதற்கு முன் லீவு போட்டு ஒரு ராத்திரி போய்ப் படுத்துவிட்டு வாருங்கள். அதற்கு வரி கிடையாது!